அரசர்களுக்கு விட்ட பக்கம்

பதுளைக்கு மாற்றம் வந்ததும் தியாகலிங்கம் மாஸ்ரர் செய்த முதல் வேலை, பச்சை மட்டை போட்ட ஓட்டோகிராப் ஒன்று வாங்கியதுதான். வாங்கியவர் அதைச் சும்மா நீட்டியிருக்கலாம். சரித்திர ஆசிரியர் அல்லவா, ஆசிரியர் அறையில் விளக்கமும் சொன்னார்.

நானூறு வருடங்களுக்கு முன் ஜெர்மன் தேசத்து மாணாக்கர் ஊர் ஊராகப் போய் அறிஞர்களிடம் இப்படித்தான் கையெழுத்து வாங்கினார்களாம். முன்பக்கங்கள் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும். நடுவில் பேராசிரியர்கள். கூடப் படித்தவர்களுக்குக் கடைசி.

அதோடு கெட்டது காரியம். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் தன்னை அரசராக எண்ணும் துணிவு யாருக்கும் இல்லை. அதிபரே கடைசிப் பக்கங்களில் போய்ப் பதுங்கினார். அவருக்கு முன்னால் நிற்கலாமா என்று மற்றவர்கள் அவருக்கும் பின்னால் நெருக்கியடித்தார்கள். சத்தியபாமா ரீச்சர் பின்மட்டையின் உட்புறத்தில் குறுக்காக எழுதினார்.

லத்தீன் படிப்பித்த பத்திநாதர் மட்டும் எழுதாமல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். வருடக்கணக்காகப் பின்னேரங்களில் தியாகலிங்கத்தோடு வாதாடிய சிநேகிதர் அவர். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் புத்தகமே வாங்கப்பட்டது.

புறப்படும் நாள், பஸ் தரிப்பிடத்துக்குப் புத்தகத்தோடு சைக்கிளில் வந்து இறங்கினார் பத்திநாதர்.

“எழுதினீரோ?”

“எங்க காணும் எழுதிறது? பின்னுக்கு எறும்பு இருக்கவும் இடமில்லை.”

“முன்னுக்கு முழுக்க வெறுமையாக் கிடக்குது.”

“அதிபரைப் பின்னுக்கு விட்டிட்டு நான் முன்னுக்குக் குந்திறதோ? நீர் பதுளைக்கு ஓடிவிடுவீர். நாளைக்கு அந்தாளின்ர முகத்தில முழிக்கவேண்டியவன் நான்.”

தூரத்தில் பஸ் தெரிந்தது. தன் விளக்கத்தை நினைத்துத் தியாகலிங்கத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பத்திநாதர் புத்தகத்தைப் புரட்டிப் பின்மட்டையைத் திறந்தார்.

“பாதிரியாராகவெண்டு போய்க் குருமடத்தில கொஞ்சக்காலம் எபிரேயம் படிச்சனான். அவையின்ர புத்தகம் வலப்பக்கத்தாலதான் தொடங்கும். எங்கட கடைசிப் பக்கம் அவைக்கு முதல் பக்கம்.”

“அதுக்கு?”

“அந்தக் கணக்கில சத்தியபாமா ரீச்சர் மகாராணி, அதிபர் பிரபு. எங்கட முதல் பக்கம்தான் எல்லாருக்கும் கடைசி இடம்.”

முதல் பக்கத்தை விரித்துச் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினார்: ‘எதையும் ஒத்துக்கொள்ளாத தியாகலிங்கத்துக்கு, எப்போதும் சரியாகச் சொல்லும் பத்திநாதர். ஊர்காவற்றுறை, 1965.’

பஸ் நகர்ந்தபோது யன்னலால் தியாகலிங்கத்தின் தலை நீண்டது.

“ஜெர்மன்காரன்ர வழக்கத்துக்கு எபிரேயக் கணக்குச் செல்லாது காணும்!”

“பதுளையில இருந்து காயிதம் எழுதும்! மறுமொழி தாறன்!”

பஸ் மண்டைதீவைத் தாண்டுமுன்பே தியாகலிங்கம் முதற்கடிதத்தின் பாதியை மனதில் எழுதி முடித்துவிட்டார்.