நாற்பது நொடியில் சுத்தம்

அந்த ஆய்வகத்தில் ஒரு திசுப் படத்தைக் கணினி திறந்து முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். படம் அவ்வளவு பெரிது. அதிலுள்ள கெட்ட செல்களைப் புள்ளியியல் நிரல் எண்ணிச் சொன்ன பிறகுதான், கீழ்த்தளத்து டாக்டர் நோயாளியை அறுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்.

அதை நாற்பது நொடியாக்க இயக்குநரின் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மூன்றாம் நாளே ஆக்கியும் காட்டினார். உடனே கூட்டம் கூடியது. வேகத்தைப் பற்றி மாப்பிள்ளை ஐம்பது நிமிடம் பேசினார்.

நிரலோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய எண்ணிக்கைக்காரிக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூட்டை தூக்கி வந்தவன் திடீரென்று துள்ளி ஓடினால், மூட்டை எங்கே என்றுதானே கேட்கத் தோன்றும்?

"திங்கட்கிழமையிலிருந்து பத்தொன்பது படம். எல்லாமே பூஜ்யம்," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரனிடம். இயக்குநர் தும்மினால்கூடத் தலையாட்டுவதால் அவனுக்கு 'ஆமாம்சார்' என்று பெயர்.

"ஜனங்க ஆரோக்கியமா இருந்தா உங்களுக்கு என்னக்கா வயித்தெரிச்சல்?"

அந்நேரம் டாக்டர் போனில் வந்தார். "நாலாம் படுக்கை அம்மா பூஜ்யம்தானே? மதியம் அனுப்பிடறேன்."

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

நிரலைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். மாமனாரும் மாப்பிள்ளையும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க நிரல் திறக்கிற படம் எத்தனை பிக்சல் புள்ளி அகலம்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"அகலமெல்லாம் பழைய சிந்தனைங்க," என்றார் மாப்பிள்ளை. "நான் பாய்ச்சலைப் பாக்கறேன்."

"ஸ்கேனர் எடுத்தது எண்பதாயிரம். உங்க நிரல் திறக்கறது எண்ணூறு. மேலோட்டமா பாக்கறதுக்குன்னு கோப்போட கடைசியில நகத்தளவு ஒரு படம் இருக்கும். அதைத் திறந்துட்டு வந்திருக்கீங்க. அதுல ஒரு செல் ஒரு புள்ளிக்குக்கூடத் தேறாது."

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?" என்றார் இயக்குநர்.

"தூரத்திலிருந்து பார்த்தா நம்ம ஆய்வகம்கூட நல்லாத்தான் சார் இருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்து நிரலை மாற்றினாள். திசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் சின்னப் படம். அந்த இடங்களை மட்டும் பெரிய படத்திலிருந்து முழு அளவில் எடுத்து எண்ணுவது. திசு இல்லாத வெற்றுக் கண்ணாடிப் பகுதியை எதற்குத் திறக்க வேண்டும்? நாலாம் படுக்கை அம்மாவின் படத்தைப் பதினொரு நிமிடத்தில் எண்ணி முடித்தது. காபி ஆறிப்போய், இருவரும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

போனை எடுத்தாள். "டாக்டர், நாலாம் படுக்கை அம்மா எங்க?"

"செருப்பு மாட்டிட்டாங்க. வண்டிக்கு நிக்கறாங்க."

"அனுப்பாதீங்க. இருநூத்திப் பன்னெண்டு."

மறுமுனையில் டாக்டர் ஏட்டைப் புரட்டினார். பிறகு, "மத்தவங்க இங்கதான் இருக்காங்க. நேத்து மூணு பேரை அனுப்பிட்டேனே," என்றார்.

"அவங்க போன் நம்பரைச் சொல்லுங்க."

மூன்றையும் ஒரு தாளில் எழுதினாள். தாளையும் போனையும் மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"நீங்கதான் நல்லா பேசுவீங்க. கூப்பிடுங்க சார்."