மனோரமாவும் தங்கமீன்களும்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியான 1942ஆம் வருஷத்துச் சித்திரையில் மனோரமா திருத்தணிக்கு வந்தாள். கணவன் பஞ்சாட்சரத்துக்குத் துறைமுகத்தில் வேலை. அவனால் கூட வர முடியவில்லை. அரிசி மில்லை ஒட்டினாற்போல் ஒரு வீடு பிடித்து அவளைக் குடிவைத்துவிட்டுத் திரும்பினான். அந்தத் தெருவில் மில்லுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும்தான் மின்சாரம். அந்த வீட்டை அவன் தேடிப் பிடித்ததே மீன்களுக்காகத்தான்.

கண்ணாடித் தொட்டி நிறையத் தங்கமீன்கள். தண்ணீருக்குள் காற்றை ஊதிக் குமிழி விட ஒரு சின்ன மோட்டார். கிளம்பிய அன்று அவள் ஒண்டியாகச் சமையல் சாமான்களை மூட்டை கட்ட, அவன் மீன்களை விட்டிருந்த தகர டின்னுக்கு ஈரச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை. நாள் தவறாமல் தீனி போடுவாள், அதோடு சரி.

போதாததற்கு, அடுத்த வீட்டு நெசவுக்காரி தாயம்மாளோடு வந்த வாரமே சண்டை. கோடையில் பொதுக் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது.

"மனுசாளுக்கே தண்ணி இல்ல, நீ இன்னாடான்னா மீனுக்கு மாத்திகினு கீற!" என்று தாயம்மாள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

வைகாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் சூறைக்காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. விளக்கு அணைந்தது. காலையில் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மோட்டார் அசையவில்லை.

"கம்பமெல்லாம் சாஞ்சி கெடக்குதும்மா. அரக்கோணத்துலருந்து ஆள் வரணும். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது" என்றார் மில் காவலாளி துளசிங்கம்.

மனோரமா தொட்டியெதிரே நின்றாள். இவை செத்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருப்பதிலேயே சின்ன மீன் ஒன்று கண்ணாடியோரம் ஒருக்களித்துச் சாய்ந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. அலுமினியச் சொம்பால் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கித் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினாள். குமிழிகள் எழுந்தன. மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். சின்னது நிமிர்ந்தது.

நிறுத்தினால் மீன்கள் மேலே வந்தன. ஊற்றினால் கீழே போயின. உச்சிவேளைக்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

சன்னல் வழியாகத் தாயம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாய் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா பண்ணிகினு கீற, காலையிலருந்து?"

"மீனுக்கு மூச்சு முட்டுதுங்க அக்கா. கரண்ட் இல்ல, காத்து இல்ல."

"கோயில் கொளத்துல வுட்டுட்டு வாயேன்."

"அங்க பெரிய மீனெல்லாம் முழுங்கிடுமே!" என்றபடியே மனோரமா மறுபடி மொண்டு ஊற்றினாள்.

தாயம்மாள் உள்ளே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "இம்மாம் மீனு ஒரே எடத்துல கெடந்தா எப்டி? பாதிய வேற எதுலயாச்சும் மாத்து."

மனோரமா பித்தளை அண்டாவை இழுத்தாள். பித்தளையும் செம்பும் மீனுக்கு ஆகாது என்று பஞ்சாட்சரம் சொன்னது நினைவுக்கு வந்து, அப்படியே கீழே வைத்தாள்.

"மண்ணு ஆவுமா?"

"ஆகும்."

தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வாயகன்ற மண்தொட்டியைத் தாயம்மாளும் அவள் புருஷனும் தூக்கி வந்தார்கள். கஞ்சி வாடை போகும்வரை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்கள். கிணற்றுத் தண்ணீரைத் தாயம்மாளே இறைத்தாள். அதன் குளிர் போகட்டும் என்று மனோரமா சற்று நேரம் வைத்திருந்து, பிறகு பாதி மீன்களை அதில் மாற்றினாள். அகலமான தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் ஆழம்தான்; மேலே படும் காற்றே போதுமானதாக இருந்தது. அவற்றுக்கு ஊற்றவே வேண்டியிருக்கவில்லை.

தாயம்மாள் ஒரு கைப்பிடி பொரி கொண்டுவந்தாள்.

"வேணாங்க அக்கா. மிச்சம் கிடந்தா தண்ணி கெட்டுடும். பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது."

"மீனுக்குச் சரி. உனுக்கு?" என்று தாயம்மாள் பொரியை அவள் மடியிலேயே கொட்டினாள்.

கண்ணாடித் தொட்டிக்கு இருவரும் மாறி மாறி ஊற்றினார்கள். இருந்தும் மறுநாள் பெரிய வெள்ளை மீன் ஒன்று செத்து மிதந்தது. மனோரமா அதைக் கையில் ஏந்தி அழுதாள். தனக்கு இவ்வளவு அழுகை வரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. மீதியிருந்ததில் இன்னும் கொஞ்சத்தை மண்தொட்டிக்கு மாற்றிய பிறகு எதுவும் சாகவில்லை.

புயல் செய்தி கேட்டுப் பஞ்சாட்சரம் லீவு போட்டு ஓடிவந்தான். வாசலிலேயே, "மனோ, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். அடுத்துத்தான் தொட்டியைப் பார்த்தான்.

"வெள்ளை போயிடுச்சு. மத்ததெல்லாம் இருக்கு" என்றாள்.

அவன் அவளுடைய சிவந்துபோன உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"கைய அப்பறம் புடிக்கலாங்க. மொதல்ல சொம்பப் புடிங்க" என்றாள் தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்த தாயம்மாள். "நீ வாம்மா, எங்கூட்ல களி ஆறிகினு கீது."

பஞ்சாட்சரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பின்னால் அவன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்க, மனோரமா தாயம்மாளோடு சாப்பிடப் போனாள்.