உப்பளத்தில் விட்ட பூனை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு ஐப்பசியில் தூத்துக்குடிக்குக் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில் மட்டும் பூனைமேல் பழி போட்டார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அது என் மகள் மாடத்தி வளர்த்த பூனை, கறுப்பி. எதிர்வீட்டுப் பேச்சிமுத்து காய்ச்சலில் கிடந்தபோது பகலெல்லாம் அவர் கால்மாட்டில் போய்ப் படுத்தது. இருட்டினால் மாடத்தியின் பாய்க்கு வந்தது. போதாததற்கு இரண்டு தும்மல் வேறு தும்மித் தொலைத்தது.

“ஏளா வடிவு, பூன அந்த வீட்டுச் சீக்க இங்கன கொண்டாருது. இருக்கது ஒத்தப் புள்ள, பாத்துக்கோ” என்றாள் என் மதினி, புருஷனின் அக்கா சண்முகத்தாய்.

ஒற்றைப் பிள்ளை என்றதும் பயந்துவிட்டேன். மனுஷக் காய்ச்சல் பூனைக்கு வருமா என்று யாரிடம் போய்க் கேட்பது? என் புருஷன் காசிலிங்கம் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் உப்பளத்தில் விட்டுவிட்டு வந்தார். மாடத்தி வாசலில் விழுந்து புரண்டு அழுதாள்.

மறுநாள் பேச்சிமுத்து செத்துப்போனார். நான் பிள்ளையை விட்டு நகரவில்லை. மதினி சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனாள். அங்கே பெண்களோடு கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, தலைமுழுகி, ஈரச்சேலையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். லொக்கு லொக்கென்று இருமல். பூனைக்காக ஏங்கிக் கிடந்த பிள்ளையை வாரி மடியில் போட்டு முத்தம் கொடுத்தாள்.

“புள்ளயத் தொடாதீக மதினி, துட்டி வீட்டுலேருந்து வாரீக.”

“அதான் தலமுழுகிட்டு வந்துட்டம்லா. தீட்டெல்லாம் தண்ணியோட போச்சு. ஈரத்துல நின்னது இருமுது.”

அந்த வாரமே மாடத்திக்கு உடம்பு கொதித்தது. கறுப்பி, கறுப்பி என்று பிதற்றினாள். ஒருநாள் விடிகிற நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. பாவி நான் இருக்கிறேன்.

“பூன வச்சுட்டுப் போன வெசம்!” துட்டிக்கு வந்தவர்களிடம் மதினி மாரில் அடித்துக்கொண்டு, இருமி இருமிச் சொன்னாள்.

அப்போது கூட்டத்தின் கால்களுக்கு நடுவே கறுப்பி வந்தது. மேலெல்லாம் உப்பு. இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. மாடத்தியின் பாயை முகர்ந்து பார்த்துக் கத்தியது.

“ஏலே, அந்தச் சாக்க எடுல!” என்று மதினி தன் தம்பியை, என் புருஷனைப் பார்த்துக் கூவினாள்.

பூனையை நெஞ்சோடு வாரிக்கொண்டேன்.

“சாக்கு கெடக்கட்டும்” என்றேன். “மொதல்ல நீங்க வெளிய போங்க, மதினி.”