நுன்ஸியாவின் எண்ணெயில் பெரன்சானா

"உங்க எண்ணெய்ல ரெண்டு வகை ஆலிவ் இருக்கும்மா" என்று ஆய்வகத்துப் பெண் தொலைபேசியில் சொன்னாள். "கொராத்தினாவோட பெரன்சானாவும் கலந்திருக்கு. டி.என்.ஏ.ல தெளிவாத் தெரியுது. ஒரே வகைன்னு முத்திரை தர முடியாது."

நுன்ஸியா மொச்சை மசியல் தட்டைத் தள்ளி வைத்தாள். செத்துப்போன புருஷன் சபீனோ சாகும்வரை ஆசைப்பட்ட முத்திரை அது. அவளிடம் இருப்பது அத்தனையும் கொராத்தினா மரம். அந்தப் பக்கத்தில் பெரன்சானா வைத்திருப்பவன் ஒரே ஆள், அடுத்த தோட்டத்து ருஜ்ஜேரோ. பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. நேரே அவனிடம் போய் நின்றாள்.

"மில்லுக்குப் போன என் காய்ப் பெட்டியில கை வச்சியாய்யா?"

அவன் காய் உதிர்க்க மரத்தடியில் விரிக்கும் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "எடுக்கல. போட்டேன்."

"என்னது?"

"சபீனோ போனப்புறம் உன் காய் பத்தலை. முன்னூறு கிலோ இல்லன்னா மில்லுல தனியா ஆட்ட மாட்டான், ஊர்க்காயோட கொட்டிருவான். நீ அழுவே. அதான், பெட்டியெல்லாம் மில் வாசல்ல வரிசையில நிக்கறப்ப கொஞ்சம் போட்டேன். எல்லாம் ஆலிவ்தானேன்னு நினைச்சேன்."

"நல்லது பண்றேன்னு என் முத்திரைக்கே உலை வச்சிட்டியே."

"இனிமே போடல, நுன்ஸியா."

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அழுகை முட்டியது. தராசு முள் ஒவ்வொரு வருஷமும் முன்னூறைத் தாண்டும்போது எவ்வளவு மிதப்பாக நின்றிருக்கிறாள்! தனியாக நின்று சாதித்ததாக அல்லவா நினைத்தாள். இத்தனை காலம் ஒருத்தன் தனக்காகக் கவலைப்பட்டிருக்கிறான் என்று நினைக்க, கோபம் பாதியிலேயே கரைந்துபோனது.

அடுத்த அறுவடையில் மில் வாசலில் ஊரே கூடியிருந்தது. மில்காரன் தராசைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"குறையுதே, நுன்ஸியா. ஊர்க்காயோட சேத்துரவா?"

அவள் பாதி நிரம்பிய பெட்டியைத் தரதரவென இழுத்துக்கொண்டு போய், வரிசைக் கடைசியில் நின்ற ருஜ்ஜேரோவின் காலடியில் வைத்தாள்.

"போடு."

"முத்திரை போயிருமே."

"போனாப் போகுது. பட்டப்பகல்லதான போடச் சொல்றேன், போடேன்."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். ருஜ்ஜேரோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தன் பெட்டியை அப்படியே கவிழ்த்தால் நொடியில் முடிகிற வேலை. அவன் குனிந்து, கருத்த காய்களை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, அவளுடைய பச்சைக் காய்களின் மேல் மெல்ல வைத்துக்கொண்டிருந்தான்.