தாய்மாமனுக்கு மூன்று சொட்டு

புதுச்சேரியில் பாட்டில்களுக்குச் சொந்தபந்தம் உண்டு. இரு வீட்டார் சம்மதம் இல்லாமல் எதையும் எதோடும் கலக்க முடியாது. மீறி ஊற்றினால் கிளாசுக்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கரண்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி பார் வைத்திருக்கும் கஸ்பாருக்கு இதெல்லாம் பாலபாடம். அவர் கடையில் மன்ஹாட்டன் என்ற காக்டெயிலுக்குத்தான் பேர். அமெரிக்க ரை விஸ்கி, மூலிகை ஊறிய சிவப்பு ஒயினான வெர்மூத், கசப்புச் சாறான பிட்டர்ஸ், மேலே ஒரு செர்ரி. ரை விஸ்கியும் வெர்மூத்தும் பதினோரு வருடம் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் குடித்தனம் நடத்தினார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரை விஸ்கி துறவறம் பூண்டுவிட்டார். காலையில் பார்த்தால் பாட்டில் நிறையத் தெளிந்த தண்ணீர். கஸ்பார் கும்பிட்டுவிட்டு வாசல் செம்பருத்திக்கு ஊற்றினார்.

துணை இல்லாத பெண்ணைப் பதினைந்து நாளுக்கு மேல் வெளியூரில் விட்டுவைப்பது வெர்மூத் வம்சத்தில் வழக்கமில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து தங்கையை அழைத்துப் போகிறோம் என்று இத்தாலியில் தூரின் நகரத்திலிருந்து அவளுடைய அண்ணன்மார் இருவரும் கடிதம் போட்டுவிட்டார்கள். கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு. பதினோரு வருடமாகத் தினம் அவளைத் துடைத்து வெயில் படாமல் வைத்தவர்.

"அவ போயிட்டா நான் யாரைத் துடைக்கிறது?" என்று மனைவி தெல்பினிடம் கேட்டார்.

அழுதுகொண்டு உட்காராமல் நல்ல வரனாகப் பாருங்கள் என்றாள் தெல்பின்.

பார்த்தார். ஸ்காட்ச் வந்தான்; மேலெல்லாம் புகை நாற்றம், ஊதித் தள்ளுகிற பிள்ளை போலிருக்கிறது என்று தெல்பின் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். ரம் உள்ளூர்ப் பையன், தங்கமானவன். ஆனால் அவனுக்கும் கோலாவுக்கும் சின்ன வயதிலேயே பேசி முடித்தாயிற்று. கடைசியாக வந்தது அயர்லாந்து வரன். மூன்று முறை காய்ச்சி வடிக்கும் குடும்பம். பையன் பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாய்க்குள் அடக்கமாக இருந்தவன். பஜ்ஜி சொஜ்ஜி வைத்தார்கள். பெண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், வீட்டோடு மாப்பிள்ளையாக இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று தானாகவே சொன்னான். கஸ்பாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகூர்த்தம். செர்ரி வந்தாயிற்று. ரொம்ப நேரம் இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே ஐஸும் வந்தாயிற்று. கஸ்பார் ஊற்றினார். சிவப்பு கீழே, பொன்னிறம் மேலே, நடுவில் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நின்றன. இருநூறு சுற்று சுற்றியும் அசையவில்லை. பிட்டர்ஸைச் சாய்த்தார், ஒரு சொட்டு விழவில்லை.

தெல்பின் இடுப்பில் கை வைத்தாள். பிட்டர்ஸ் பெண்ணின் தாய்மாமன் ஆயிற்றே, அவரை எப்படி அழைத்தீர்கள் என்று கேட்டாள். வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பினேன், இரண்டு நீல டிக்கும் விழுந்தது என்றார் கஸ்பார்.

"தாய்மாமனை போன்லயா அழைக்கிறது? நல்லா இருக்கு உங்க நியாயம்."

அப்புறம் என்ன, பிட்டர்ஸை அவருடைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், விரலகல ஜரிகை வேட்டி எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு கஸ்பார் ஸ்டூல் மேல் ஏறினார். மேல்தட்டு மூலையில் பிட்டர்ஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நான் ரெண்டு சொட்டுதானே மச்சான். சொட்டுக்கு எதுக்குத் தட்டு?"

கஸ்பார் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "அந்த ரெண்டு சொட்டு இல்லாம எம் பொண்ணு நிக்க மாட்டா. நாளைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. தப்புதான் மச்சான், மனசுல வச்சுக்காதே."

பிட்டர்ஸ் மெதுவாகத் திரும்பினார். மாப்பிள்ளை சாது, பழைய ஆள் மாதிரிக் காரம் இல்லை, அதனால் இந்தக் குடும்பத்தில் தாய்மாமன் கொஞ்சம் அழுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். இனிமேல் மூன்று சொட்டு. கிளாசுக்குள் முதலில் இறங்குவதும் அவர்தான். கஸ்பார் ஒப்புக்கொண்டு, புதுக் கிளாசில் முறைப்படி முதலிலிருந்து ஊற்றினார். இரண்டாவது சுற்றிலேயே கோடு மறைந்து எல்லாம் ஒரே செம்பொன் நிறமானது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதார். சந்தோஷம்தான்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு அண்ணன்மார் வந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தார்கள். சின்னவர் செர்ரியையும் விடவில்லை. தங்கை மனசு நிறைந்து இருக்கிறாள், இங்கேயே இருக்கட்டும் என்றார் பெரியவர். ஆனால் அவளுக்கென்று தூரினில் அலமாரியில் இடம் ஒதுக்கியாயிற்று, வெறுங்கையோடு போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது, பதிலுக்கு இந்த வீட்டிலிருந்து ஒருவர் வரத்தானே வேண்டும் என்று கேட்டார்.

நியாயம்தானே என்றார் கஸ்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். தெல்பின் அவர் பிறந்த வருடத்தைக் காகிதத்தில் எழுதி நெஞ்சில் ஒட்டினாள். தொப்பியை நன்றாக அழுத்திவிட்டாள். அவர் வெர்மூத்தின் தலையில் கை வைத்து, நல்லா இரும்மா என்றார்.

இவரை நிற்க வைத்துக் கொண்டுபோவதா, படுக்க வைத்தா என்று சின்னவர் கேட்டார்.

"படுக்க வச்சா குறட்டை விடுவாரு," என்றாள் தெல்பின். "நிக்க வச்சே கொண்டு போங்க."