அப்பாவின் இருமல்

சித்தப்பா ஸ்டூலின் மேல் ஏறி நின்று, அப்பாவின் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த கவிதையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல் ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள். ஆணி வருவேனா என்றது.

"அண்ணன் ஒரு ஆணி அடிச்சாலும் ஆயுசுக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்றைக்குப் போய் ஆயுசு என்று வாயில் வந்துவிட்டதே என நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சித்தப்பா, அது வேணாமே. நான் வேற ஏதாவது பேசறேன்."

"வேற என்னத்தம்மா பேசப்போற? 'நான் போனா என் பொண்ணு எழுதினதத்தான் படிக்கணும், வேற எவனும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னு எத்தன தடவ சொல்லியிருக்காரு. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு. ஆனா சொன்னாருல்ல?"

சொன்னார்தான். சித்தப்பா கண்ணாடிச் சட்டத்தைத் தன் சட்டையாலேயே துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கு வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

அப்பாவுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அப்பா மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். வெள்ளைக் கோட்டு, ஏசி அறை, சுழல் நாற்காலி. நாள் முழுக்கப் பாட்டு வேறு. எந்தப் பாட்டும் பாதிக்கு மேல் தெரியாது, தெரியாத இடத்தில் அன்றைக்குப் பல் வாங்க வருகிறவர் பெயரைப் போட்டு நிரப்பிவிடுவார். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார்.

கல்லூரியில் முதல் வருடம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்துவிட்டதாக எண்ணி ஓர் இரங்கற்பா எழுத வேண்டும். அவள் முதலில் எழுதிக்கொண்டுபோனது இந்த அப்பாவைத்தான், பாட்டும் பல்லுமாக. பேராசிரியை படித்துச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல துயரம் எங்கம்மா?"

துயரம் இல்லாத வீட்டில் பிறந்துவிட்டதற்காக அவளுக்கு அன்று வெட்கமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் மாற்றி எழுதினாள். ஏசி போய்த் தகரக் கூரை வந்தது. கோட்டு போய், வியர்வையில் ஊறிய கிழிந்த சட்டை வந்தது. பாட்டு இருந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தாள். 'உன் இருமல் நின்ற இரவில்தான் / எங்கள் வீடு தூக்கத்தைத் தொலைத்தது' என்று முடித்தாள். முதல் பரிசு கிடைத்தது.

அப்பா அதை நின்றுகொண்டே படித்தார்.

"ஏன்டி, ஏசி ரூம்ல உக்காந்து பல்லு நடறவனுக்கு வியர்வை எங்கேர்ந்து வந்துச்சு? நான் எப்ப இருமினேன்?"

"கவிதைக்காகப்பா."

"ஓஹோ. பரிசு வேற வாங்கிட்ட. இனிமே நான் இருமித்தான் ஆகணும், இல்லாட்டி உன் மானம் போயிடும்."

சொன்னபடியே செய்தார் மனுஷன். அவளுடைய தோழிகள் வந்தால் இருமுவார். பேராசிரியை போனில் கூப்பிட்டால், பக்கத்து அறையிலிருந்து கேட்கும்படி இருமுவார். பட்டறைக்கு வருகிறவர்கள் சுவரில் இருப்பதைப் படித்துவிட்டு அனுதாபத்தோடு திரும்பினால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொக்கு லொக்கென்று ஒரு பாட்டம் இருமிவிட்டுத்தான் பல்லை எடுத்துக் கொடுப்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள், ஆனால் அந்தக் கவிதையைப் பற்றி மட்டும் அவள் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. பட்டறையைத் துடைக்கும்போது அந்தச் சட்டத்தை மட்டும் விட்டுவிடுவாள்.

வருடங்கள் ஓடின. தான் எழுதியதைத் தானே அடித்து அடித்துத்தான் அவள் எழுதவே கற்றுக்கொண்டாள். அழகாக இருக்கிறதே என்பதற்காக வைத்த வரிகளை முதலில் அடிக்க வேண்டும் என்று புரிய இவ்வளவு காலம் ஆகியிருந்தது. பழைய கவிதைகள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். இது ஒன்றுதான் அப்பாவின் காவலில் தப்பித்திருந்தது.

போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா இருமினார். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, இன்னிக்கு வெளியாள் யாருமில்ல. ஓவர் ஆக்டிங் வேணாம்."

அப்பாவும் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். மறுநாளும் இருமினார். அதற்கும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இரண்டு பக்கமும் சளி கட்டி நிமோனியா முற்றியிருந்தது. "எத்தனை நாளா இருமல் இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். அம்மா அவளை ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு, மாத்திரை எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர அம்மா அவளிடம் எதுவும் பேசவில்லை.

இந்தக் கவிதையை இன்று படித்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறாள் என்பார்கள். அப்பாவின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துண்டுத் தாளில் புதிதாக எழுதிப் பார்த்தாள். வந்ததெல்லாம் அழகான வரிகள். ஒவ்வொன்றாக அடித்தாள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தபோது தாளில் 'அப்பா' என்பது மட்டும் அடிபடாமல் மிஞ்சியிருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் பெட்டிக்குள் அப்பா வெள்ளைக் கோட்டோடு படுத்திருந்தார், அது அம்மாவின் முடிவு. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அம்மா தன் கைப்பையை வைத்திருந்ததால் அவள் வந்ததிலிருந்து பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா மைக்கில் அவளைக் கூப்பிட்டார். அவள் போய்ச் சட்டத்தைக் கையில் பிடித்துப் படிக்கத் தொடங்கினாள். தகரக் கூரை தாண்டியது. கிழிந்த சட்டை தாண்டியது. இருமல் வந்தது, அங்கேயே நின்றுவிட்டாள்.

துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கவில்லை.

"இது எங்கப்பா இல்ல" என்றாள். "எங்க வீட்டுல தகரக் கூர கெடையாது. எங்கப்பா ஏசி இல்லாட்டி வேலையே செய்ய மாட்டாரு. அவருக்கு இருமலும் கெடையாது. பரிசு கெடைக்கும்னு நானா எழுதினேன்."

அப்பா தன்னைக் காப்பாற்ற இருமிக் காட்டிய கதையைச் சொன்னாள். ஒருவர் சிரித்தார். பட்டறைக்கு வந்து ஏமாந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். "என்கிட்டயும் இருமினாருப்பா, நான் கஷாயம் கொண்டுவந்து குடுத்தேன்!" என்றார் ஒரு கிழவர். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"போன மாசம் நெஜமாவே இருமினாரு. நடிக்கிறாருன்னு நெனச்சு நான் சிரிச்சேன். ஓவர் ஆக்டிங் வேணாம்னு சொன்னேன்."

எழுதியிருந்தால் இந்த இடத்தில் ஏதாவது நல்ல வரி வந்திருக்கும்.

"நானுந்தான் சொன்னேன்."

அம்மாதான். எழுந்திருக்கவில்லை. சமையலறையிலிருந்து பதில் சொல்கிற மாதிரி, இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னாள்.

"பக்கத்துல படுத்துக்கிட்டு இருமினாரு. பாக்கறதுக்கு இங்க யாருமில்ல, பேசாம தூங்குங்கன்னு சொன்னேன்."

அவள் சட்டத்தை மேசைமேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.