பதினெட்டிலேயே நின்ற ஈரம்

மன்னார்குடிப் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற டிரையரை ஓட்டுவது செவ்வந்தி. முதலாளி தியாகராசன் புது கண்ட்ரோல் பெட்டி வாங்கி மாட்டியதிலிருந்து அவளுக்குப் பாதி வேலை போச்சு. ஆட்டோவில் போட்டு, பதினாலு சதவீதம் ஈரம் வேணும்னு சொல்லிட்டா போதும். நெல்லைப் பார்த்து நீராவி வால்வை அதுவே திறக்கும், அதுவே மூடும். மேனுவலில் போட்டால் வால்வு நம் கைக்கு வந்துவிடும். "மேனுவல் பொத்தான்ல யாரு கை வச்சாலும் மறுநாள்லேருந்து வேலைக்கு வர வேணாம்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள் செவ்வந்தி, கையைக் கட்டிக்கொண்டாள்.

விஜயதசமி காலையில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, திருஷ்டிப் பூசணி உடைத்து, குறுவை நெல்லை ஏற்றினார்கள். மழையில் நனைந்த நெல். ரெண்டு மணி நேரமாகியும் பெட்டியில் ஈரம் பதினெட்டிலேயே நிற்கிறது, ஒரு புள்ளி நகரவில்லை. பெட்டி என்ன செய்யும், பாவம்! இன்னும் காயலை, இன்னும் காயலை என்று வால்வை முழுசாகத் திறந்துவிட்டது.

செவ்வந்தி நாலு நெல்லை எடுத்துக் கடித்தாள். கடக்கென்றது. அடக் கடவுளே! இன்னும் கால் மணி போனால் அரைக்கும்போது அத்தனையும் உடைந்து நொய்தான்.

"ஐயா, நெல்லு காஞ்சிடுச்சுங்க."

"பதினெட்டுன்னு காட்டுது பாரு. லட்ச ரூபா மிஷினைவிட உன் பல்லு பெருசா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயமும் வந்தது, பொய் சொல்வானேன். வேலை போனால் போகட்டும் என்று மேனுவலை அமுக்கி வால்வை மூடினாள்.

தியாகராசன் குதித்தார். "நாளைலேருந்து வராதே!"

"வரலைங்க. அதுக்கு முன்னாடி இதுக்கு என்ன கேடுன்னு பாத்துட்டுப் போறேன்."

நெல்லைப் பார்க்கிற சென்சாரின் மூடியைக் கழற்றினாள். கண்ணாடி நடுவில் கொழகொழவென்று சந்தனம், அதன்மேல் வட்டமாகக் குங்குமம். இத்தனை நேரமும் அந்தச் சந்தனத்தைத்தான் மிஷின் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

"எந்தப் புத்திசாலி வச்சது இது?" என்று கத்த வந்த முதலாளி, தன் சிவந்த விரலைப் பார்த்ததும் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காலையில் மூடியைத் திறந்து பக்தியோடு வைத்தவர் அவர்தான்.

செவ்வந்தி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். எண் மடமடவென்று இறங்கிப் பதின்மூணரையில் நின்றது. மறுபடி ஆட்டோவில் போட்டாள். பெட்டி வால்வைத் திறக்கவே இல்லை. நெல் பிழைத்தது. அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நீங்கதானே வராதேன்னீங்க."

தியாகராசன் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு அரை மணி முன்னாடியே வந்துரு, தாயி. நான் மிஷின்ல கை வைக்காம பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல."